ஓட்டுக் கேட்க உன் அம்மாவின் குரல்

கண்ணு,

ஒரே வீட்டில் நீ மாடியிலும் நான் கீழேயும் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், நீ அதை முடித்துவைப்பாய். நீ முடித்தது நான் சொல்ல வந்ததைவிட நன்றாக இருக்கும். நானும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன். நீ கல்லூரி முடித்த காலத்திலிருந்து இப்படித்தான் நடந்து வருகிறது. காகிதத்தில் மட்டும்தான் என்னை யாரும் இடையில் வெட்டுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவின் செல்போனைக் கேட்டாய். நான் "பாக்கலாம் கண்ணு" என்றேன். நம் வீட்டில் நான் சொல்லும் "பாக்கலாம்" என்பதற்குச் சம்மதம் என்றுதான் பொருள். எனக்கு மறுத்துச் சொல்ல வராது என்பது எல்லோருக்கும் தெரியும். நீயும் அப்படியே எடுத்துக்கொண்டு, "புதன்கெழம தினேஷ் வந்து வாங்கிக்குவானுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்கப் போய்விட்டாய். புதன்கிழமை உன் கம்ப்யூட்டர்காரப் பையன் தினேஷ் வந்தான். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதாகச் சொல்லிவிடும்படி மருமகள் கவிதாவிடம் சொன்னேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று உண்மையிலேயே மேலே போய்க் கழுவினேன். தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பாவின் தைரியம் அவ்வளவுதான். அதனால்தான் இந்த ஒரு காரியத்தையாவது எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்காரவும் முடியவில்லை. இரண்டு வரி எழுதுவதும், எழுந்து வாசல்வரை போய் வருவதுமாக இருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். நீ நம் வார்டில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறாய். உன் அம்மா இறந்து இன்னும் வருஷத் திதி வரவில்லை. நம் பனியன் யூனிட்டில், தைத்து வந்த துணியில் குறை பார்த்துப் பிசிறு வெட்டும் செக்கிங் பகுதியை நடத்தியவள் அவள். நம் ஊர் மண்ணரையில் தையல் வேலைக்குப் போகும் வீடு எதுவானாலும் அவள் குரலைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். அத்தனை மெஷின் சத்தத்துக்கும் மேலே கேட்ட குரல். அவளுக்கு எழுத்துக்கூட்டி டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. யாருக்கு எதைச் சொல்வதாக இருந்தாலும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். அந்த வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் அவள் போனில் இருக்கின்றன. போன் என் அலமாரியில் இருக்கிறது. அவற்றைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது அம்மாவின் குரலிலேயே ஓட்டுக் கேட்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்களில் ஸ்பீக்கர் கட்டி வார்டு முழுவதும் அந்தக் குரலை அனுப்ப வேண்டும் என்பது உன் திட்டம். போனைக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் என் பிரச்சினை. கொடுக்காவிட்டால் நீ தோற்றுப்போகலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை தினேஷ் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும், "அப்பா, கண்ண மூடீட்டுக் கேளுங்க" என்றாய். உன் போனில் இருந்த ஒன்றிரண்டு மெசேஜ்களை வைத்து அவன் செய்துகொண்டு வந்த சாம்பிள். நான் கண்ணை மூடவில்லை. சுவரில் அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் அக்கா, நல்லா இருக்கறீங்களா? சாப்டாச்சுங்களா? நாந்தானுங், செக்கிங் அம்மா பேசறன். என்ற பையன் நம்ம வார்டுல நிக்கறானுங். நீங்க பாத்து வளந்த பையன். நம்ம ஊரு வேல நம்ம ஊருப் புள்ளைகளுக்கேன்னு நிக்கறான். அவனக் கைவுட்டறாதீங்க. செரீங் அக்கா, போயிட்டு வர்றனுங்."

சமையலறையில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்த கவிதா கம்பியோடு வெளியே வந்துவிட்டாள். "அய்யோ, அத்தையேதானுங்க" என்றவள் அங்கேயே நின்று அழுதாள். உள்ளே பணியாரம் கருகியது. உன் முகத்தில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன. "எப்படீங்கப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் தினேஷ், "இது சும்மா சாம்பிள்தானுங் ஐயா. அம்மா போன்ல இருக்கறது பூராவும் குடுத்தீங்கன்னா இன்னும் பக்காவா வந்துருமுங். நடுவுல மூச்சு விடறதுகூட வரும்" என்றான். "மூச்சுமா?" என்று கேட்டேன். "ஆமாங் ஐயா, மூச்சும் வருமுங்" என்றான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். தொழிலைத் தெரிந்தவன், நல்ல பையன். நீயும் சிரித்துக்கொண்டே, "அம்மா இருந்திருந்தா இவனையெல்லாம் எறக்கி உட்டுட்டு மைக்கப் புடுங்கித் தானே பேசியிருக்கும்" என்றாய். இருக்கலாம். மைக்கைப் பிடுங்கக் கூடியவள்தான்.

அந்தக் குரலின் கடைசி வார்த்தைதான் முதலில் என்னைக் குத்தியது. அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றும் மறுநாளும் நம் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவரும் "போயிட்டு வர்றோம்" என்று சொல்லவில்லை. இழவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, பேசாமல் போவார்கள். உன் மாமனாருக்கு மட்டும் பழக்கதோஷத்தில், "அப்ப நாங்க போயிட்டு..." என்று பாதி வந்துவிட்டது. நீ வாசலில் அவர் கையைப் பிடித்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார். அதைக் கவனித்தவன் நீ. அதே நீ, இறந்தவளே "போயிட்டு வர்றனுங்" என்று சொல்வதைக் கேட்டும் ஒன்றும் தோன்றாமல் நின்றிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் வாசல்தோறும் சொல்வதுதானே என்று தினேஷ் எழுதியிருப்பான். எனக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து நான் சொன்னது "பாக்கலாம்" மட்டும்தான்.

உன் அப்பா வாழ்நாள் முழுவதும் சாயப்பட்டறை லேபில் வேலை செய்தவன். வெளிநாட்டிலிருந்து ஒரு நிறம் வரும். அதே நிறத்தில் ஒரு சின்னத் துணித்துண்டைச் சாயம் போட்டு அனுப்புவோம். அவர்கள் சரி என்றால்தான் பெரிய லாட் ஓடும். அனுப்புவதற்கு முன்னால் துண்டை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் பல விளக்குகள் உண்டு. கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம், பகல் வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். கடை விளக்கில் இரண்டு துணியும் ஒன்றுபோல இருக்கும். பகல் வெளிச்சத்தைப் போட்டால் ஒன்று சிவப்பேறித் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. ஆகவே தினேஷின் சாம்பிளையும் அப்படியே சோதிக்கலாம் என்று நினைத்தேன். என் போனுக்கு அனுப்பச் சொல்லி, அடுப்பங்கரையில் குக்கர் சத்தத்தில் கேட்டேன். மொட்டைமாடியில் கேட்டேன். தெருமுனையில், பின்னலாடை ஏற்றும் வண்டிகள் நிற்கும் இடத்தில், காதில் வைத்துக் கேட்டேன். எங்கேயாவது நிறம் பிரிந்து தெரியும் என்று காத்திருந்தேன். தெரியவில்லை. எல்லா இடத்திலும் அவளாகவே இருந்தாள். நான் தோற்றுப்போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு இப்படி ஒரு பழைய அனுபவமும் உண்டு. நிறத்தைக் கம்ப்யூட்டரே அளந்து சாயக் கணக்குச் சொல்லும் கருவி எங்கள் பட்டறைக்கு வந்தபோது, அது சரிப்படாது என்று முதலாளியிடம் நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அது சொன்ன கணக்கில் போட்ட முதல் துண்டே சரியாக வந்துவிட்டது. முதலாளி எல்லோருக்கும் முன்னால், "ஏனுங் கெமிஸ்ட், மெஷினு நல்லாத்தான் இருக்குது. நீங்க கண்ணாடிய மாத்தோணும் போல" என்றார். லேபே சிரித்தது. இப்போதும் நான் அப்படித்தான் பயப்படுகிறேனோ, வயதானவன் புதிதாக வந்த எதைக் கண்டாலும் மிரளுகிறேனோ என்று யோசித்தேன். நானும் எதையும் ஒதுக்கிவைத்தவன் இல்லை. கரண்ட் பில் போனில்தான் கட்டுகிறேன். மூட்டுவலிக்கு மருந்தைப் பற்றி அதனிடம்தான் கேட்கிறேன். டாக்டரைவிட அது பொறுமையாகப் பதில் சொல்கிறது.

நீ தேர்தலில் நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பெருமைதான். உன்னிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். பின்வீதிச் சாக்கடைக்காக நீ எத்தனை முறை மனு எடுத்துக்கொண்டு போனாய் என்பதும், வெளியூர்த் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் வர யார் காலைப் பிடித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். நான் உன் வயதில் எதையும் செய்யவில்லை. அப்போதெல்லாம் அன்றைக்கு எந்த ஆர்டர் ஓடுகிறது என்பதை நொய்யல் ஆற்றில் ஓடும் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, இது நம் பட்டறையின் நீலம், இது பக்கத்துப் பட்டறையின் மெரூன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவன். எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றதில்லை. அரசியலைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

"நம்ம ஊரு வேல நம்ம ஊருப் புள்ளைகளுக்கே" என்ற வரியைத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை போனில் உன்னிடம் அதைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீ வண்டியில் போய்க்கொண்டிருந்தாய். "அது கட்சியில மேல இருந்து குடுத்த லைனுங்கப்பா. எல்லா வார்டுலயும் அதேதான் ஓடுது. உங்களுக்கு வேண்டாம்னா எடுத்தர்றனுங்க. வெசனப்படாதீங்க" என்றாய். அவ்வளவுதான். பிசிறு வெட்டுவதுபோல ஒரு நொடியில் வெட்டி எறிந்துவிட்டாய். நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பிறகுதான் வேறு மாதிரித் தோன்றியது. உன் யூனிட்டில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஜார்க்கண்டும் ஒடிசாவும். அவர்கள் ஊருக்குப் போயிருந்த மாதத்தில் ஷிப்மென்ட் போகாமல் நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உனக்கே நம்பிக்கையில்லாத வரியை உன் வாயால் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அம்மாவின் வாயில் வைக்கும்போது கூச்சம் வரவில்லை.

வரி போய்விட்டது, இனி என்ன தடை என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தினேஷ் என் போனில் போட்டுக் கொடுத்திருந்த ஆப்பைத் திறந்தேன். "ஐயா, நீங்களே டைப் பண்ணிப் பாருங்க. அப்ரூவல் நீங்கதான் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கட்டத்தில் எதை எழுதினாலும் அம்மா பேசுவாள். முதலில் "சாப்டீங்களா" என்று எழுதினேன். கேட்டாள். "மாத்திரை போட்டுக்கிட்டீங்களா" என்று எழுதினேன். அதையும் கேட்டாள். பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பொங்கலூரில் நமக்கு இருக்கும் நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் எத்தனை வருஷம் கெஞ்சினேன் என்பது உனக்குத் தெரியும். அவள் மசியவே இல்லை. "அங்க போயி நான் கோழி கூடப் பேசறதுங்களா? நீங்க வேணும்னா போங்க. பொழுதோட பஸ் இருக்குது" என்பாள். அந்தச் சண்டை கடைசிவரை முடியவில்லை. ஆஸ்பத்திரியில்கூட ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "இந்தச் சத்தம் இல்லீன்னா எனக்குத் தூக்கமே வராதுங்க. உங்க பொங்கலூரு எனக்கு ஆகாது" என்று சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் அந்தக் கட்டத்தில், "நீங்க சொன்னதுதான் சரிங்க. பொங்கலூருக்கே போயிருக்கலாம்" என்று எழுதினேன். அவள் சொன்னாள். சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி சொல்ல வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. அன்று சாயங்காலம் முழுவதும் மனசு லேசாக இருந்தது. நீகூட, "என்னங்கப்பா, இன்னிக்கு மொகம் தெளிவா இருக்குது" என்று கேட்டுவிட்டுப் போனாய்.

வியாழக்கிழமை காலையில் கவிதா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பொங்கலூர் நிலத்துக்கு வேலி போட ஆள் வருவதாகச் சொன்னாள். நான் பேப்பரிலிருந்து நிமிராமல், "அங்கயே ஊடு கட்டியிருக்கலாம் அம்மிணி. கடைசீல உங்க அத்தையே ஒத்துக்கிட்டா" என்றேன்.

"அத்தையா? பொங்கலூருக்கா?" என்று கவிதா அப்படியே நின்றுவிட்டாள். "எப்பங்க மாமா சொன்னாங்க?"

நான் பேப்பரை மடித்து வைத்தேன். கிண்டலாகச் சொல்லவில்லை, கண்ணு. மறந்துபோயும் சொல்லவில்லை. அந்த நொடியில் அவள் அப்படிச் சொன்னது எனக்கு உண்மையாகவே நினைவிருந்தது. எந்த இடம், எந்த நேரம் என்று தேடிப் பார்த்தபோதுதான் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கனவுல வந்தாங்களாட்டமிருக்குது" என்று அவளே சமாதானம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் காபியைக் குடிக்கவில்லை. அத்தனை வருஷம் என்னோடு சண்டை போட்டவளை, எனக்கு விட்டுக்கொடுக்காமல் நின்றவளை, ஒரே வாக்கியத்தில் நான் அழிக்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் தெரியாமலே. இரண்டு நாளில் எனக்கே இப்படி என்றால், மண்ணரையில் தெருத்தெருவாக அந்தக் குரலைக் கேட்கிற சனங்களுக்கு என்ன நினைவிருக்கும்? செக்கிங் அம்மா என்று ஒருத்தி இருந்தாள், பையனுக்கு ஓட்டுக் கேட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் கேட்கவே இல்லை என்று எழுந்து சொல்ல யார் இருப்பார்கள்? எழுந்து நின்று பழக்கமில்லாத நான்தான் இருப்பேன்.

அன்று வீட்டில் இருக்கப் பிடிக்காமல் யூனிட்டுக்கு நடந்து போனேன். சாப்பாட்டு இடைவேளை. ஜார்க்கண்டிலிருந்து வந்த நம் ஓவர்லாக் சுனிதா வாசல் படியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று இடம் விட்டாள். அம்மா கற்றுக்கொடுத்த தமிழ் என்பதால் அவளுக்கும் நம் பேச்சுதான் வரும். அம்மா அனுப்பிய மெசேஜ் ஏதாவது அவளிடம் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் போனைத் துடைத்துவிட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

எந்த மெசேஜ் என்று உனக்குத் தெரியும். வடக்கத்தி ஆட்களை அடிக்கிறார்கள் என்று எங்கேயோ எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியதே, அந்தச் சமயம். சுனிதாவும் அவள் புருஷனும் பையைக் கட்டிவிட்டார்கள். லைன் வீடே கிளம்பி ரயிலடிக்குப் போகத் தயாராக இருந்தது. அப்போது அம்மா அவர்கள் குரூப்பில் பேசி அனுப்பினாள். பின்னால் கட்டிங் மெஷின் இரைகிறது. நடுவில் ஒருமுறை இருமுகிறாள். "டரோ மத் கண்ணு. யாரும் அடிக்க மாட்டாங்க. அப்படி எவனாவது வந்தான்னா மொதல்ல என்றகிட்டப் பேசட்டும். மை ஹூம். நான் இருக்கறன்ல? சுனிதா, உன்ற வூட்டுக்காரன் சோறு திங்கலீன்னு சொன்னாங்க, மொதல்ல அவனத் திங்கச் சொல்லு. ஜல்தி." அவ்வளவுதான் மெசேஜ். பயப்படாதே, நான் இருக்கிறேன், சீக்கிரம் என்பது மட்டும்தான் இந்தி, மீதி நம் பேச்சு. சுனிதா சிரித்துக்கொண்டே கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு இதைக் கேட்ட பிறகுதான் கட்டிய பையை அவர்கள் அவிழ்த்தார்கள். நீ கேட்கும் போனிலும் அந்த மெசேஜ் இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமையே போனைக் கொடுத்திருந்தால் அந்த இருமலையும் அரைத்துத்தான் "நம்ம ஊரு வேல" என்ற வரியைச் செய்திருப்பார்கள்.

சுனிதாவிடம் மெதுவாகக் கேட்டேன். அம்மா பேசுவதுபோலக் குரல் செய்து ஆட்டோவில் ஓட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று. அவள் ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தாள்.

"எங்க லைனுக்கும் அந்த ஆட்டோ வருமா மாமா?"

"வராதுன்னு நெனைக்கறேன் அம்மிணி."

"அதானே. எங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. எங்களோட எதுக்குப் பேசப் போறாங்க?" என்றாள். பிறகு, "அம்மா ஊர்ல எல்லார் கூடவும் பேசுவாங்க. எங்க ஊட்டு ஆடுகூடயும் பேசுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். மணி அடித்ததும் பாக்ஸை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நானும் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

உன் பக்கத்து நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். எதிரில் நிற்பவர் பெரிய கை. அவருக்குப் பணமும் கூட்டமும் இருக்கின்றன. உனக்கு அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. அம்மா தந்த வீட்டில் இருக்கிறாய், அம்மா தொடங்கிய யூனிட்டை நடத்துகிறாய், குரலை மட்டும் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. வீட்டை அவள் கொடுத்தாள். குரலைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவளை நாம் கேட்கவில்லை. இருந்தபோது கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் சரி என்று சொன்னவள் பிறகு நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்கமாட்டாள். "இதென்ன கண்ணு, இப்படி எழுதி வெச்சிருக்கறே" என்று கிழித்துப் போட்டுவிட்டுத் தனக்குத் தோன்றியதைப் பேசுவாள். தினேஷின் மெஷினில் மூச்சு வரும், பெருமூச்சு வரும். கிழித்துப் போடுவது வராது. நம் இரண்டு பேரையும் எதிர்த்துப் பேசாத ஒன்றை அம்மா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே போனைத் தரமாட்டேன். இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். எழுதிவிட்டேன். "பாக்கலாம்" என்று நீ இதைப் படித்துவிடாதே. என் போனில் இருந்த ஆப்பையும் கவிதாவிடம் கொடுத்து எடுத்துவிட்டேன். எடுக்கும்போது அவளுக்கு வருத்தம். உங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்கு மட்டும் அத்தை ஒரு வார்த்தை வாழ்த்துவதுபோலச் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கு மறுத்துச் சொன்னது என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறையாக இருக்கும். தேர்தல் முடிந்த பிறகு இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு போனில் ஒரு குரல் மிச்சமிருக்கிறது. அவர்களும் யோசிக்கட்டும்.

உன்னை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் நான் வருகிறேன். மைக்கைக் கையில் பிடித்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனாலும் "நான் இவனோட அப்பன், இவன் சாக்கடைக்கு மனுக் கொடுத்ததெல்லாம் எனக்குத் தெரியும், ஓட்டுப் போடுங்க" என்ற அளவுக்குச் சொல்லிவிடுவேன். லைன் வீட்டுப் பக்கமும் வண்டி போக வேண்டும். அங்கே ஓட்டு இல்லாவிட்டாலும் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். உன் கட்சி ஆட்கள் யாராவது அந்த "நம்ம ஊரு வேல" வரியைச் சொல்லச் சொன்னால் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

தெருவில் பெண்கள் வந்து அம்மாவைப் பற்றித்தான் பேசுவார்கள். அவள் இருந்திருந்தால் மகனுக்குத்தானே போட்டிருப்பாள் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் நானும் அவளும் ஒன்றாகத்தான் போய் வரிசையில் நிற்போம். திரும்பி வரும்போது, "யாருக்குப் போட்டே புள்ள?" என்று கேட்பேன். "அது எனக்கும் அந்தப் பொட்டிக்கும்ங்க. உங்களுக்கு எதுக்கு?" என்பாள். நீ கட்சியில் சேர்ந்த பிறகு வந்த தேர்தலில் நீயும் கேட்டாய். உனக்கும் சொல்லவில்லை, சிரித்தாள். அதனால் கேட்பவர்களிடம், "தெரியலீங்க. அவளத்தான் கேக்கோணும்" என்று மட்டுமே என்னால் சொல்ல முடியும். அந்தப் பதில் உனக்கு ஒரு ஓட்டைக்கூடச் சேர்க்காது. ஆனால் உன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொல்வேன்.

அப்பா